பழஞ்சோறும் போதுமென்ற மனமும்

ஒரு சமுதாயம் எதனை விருந்தாகக் கொள்கிறது என்பதை அறிதல் எளிது. விழாக்களும் சடங்குகளும் அதனைக் காட்டிவிடும். அச்சமுதாயம் நாள்தோறும் எதனை உண்டு மனம் ஆறுகிறது என்பதை அறிதல் அத்துணை எளிதன்று. அன்றாட உணவை உண்போர் அதனைப் பற்றிப் பேசுவதில்லை. வந்தவர்க்கு அதனை எடுத்துக் காட்டவும் கூசுவர். ஆயினும் மனிதனுடைய இன்பத்தைப் பற்றியும் நிறைவைப் பற்றியும் ஆராயப் புகுவோர்க்கு விருந்தைக் காட்டிலும் அன்றாட உணவே தக்க சான்றாகும். விருந்தில் பெருமையும் போட்டியும் கலந்துவிடுகின்றன. விடியற்காலையில் ஒருவன் தன் வீட்டு அடுக்களையில் அமர்ந்து உண்ணும் எளிய சோற்றில் அவை கலப்பதில்லை. அங்கே பசியும் உணவும் மட்டுமே உள. ஆதலின் அவ்வுணவு தரும் ஆறுதல் எத்தகையது, அஃது அறத்தின் பாற்பட்டதா, அன்றி வெறும் பழக்கத்தின் பாற்பட்டதா என வினவுதல் பொருத்தமுடைத்து.

இவ்வினாவை ஆராய்தற்கு மட்டக்களப்பு வாவியைச் சூழ்ந்த நிலம் நல்லதோர் உரைகல்லாகும். தெற்கே கல்முனைப் பக்கமிருந்து வடக்கே ஏறாவூர்ப் பக்கம்வரை, கடற்கரையை ஒட்டி ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளத்திற்கு அவ்வாவி கிடக்கிறது. வாவிக்குக் கிழக்கே, ஞாயிறு எழும் பக்கம் எழுவான்கரை. மேற்கே, ஞாயிறு படும் பக்கம் படுவான்கரை. எழுவான்கரை கடலுக்கும் வாவிக்கும் இடையே ஊர்கள் செறிந்த மணற்றிடல். படுவான்கரை வட்டைகளும் குளங்களும் எருமைப் பட்டிகளும் நிறைந்த மருதம். நெல் ஒரு கரையிலும் மீன் மறு கரையிலும் மிகுதியாகக் கிடைத்தமையால் இருகரையாரும் ஒருவரையொருவர் சார்ந்தே வாழ்ந்தனர். 2014ஆம் ஆண்டில் மண்முனைப் பாலம் திறக்கப்படும்வரை அவ்விடத்தில் வாவியைக் கடப்பதற்குப் ‘பாதை’ என வழங்கிய மிதவையே துணையாயிருந்தது. இவ்விரு கரைகளின் விளைவும் ஒன்றுகூடும் இடம் சோற்றுக் கலயமேயாகும்.

அக்கலயத்தில் இருப்பது பழஞ்சோறு. இரவுணவில் எஞ்சிய சோற்றை மட்பானையில் இட்டு, அது மூழ்குமளவு நீர் ஊற்றி மூடிவைப்பர். விடியும்போது அது மெல்லப் புளித்திருக்கும். அரிசியின் மாப்பொருளை இலாக்டிக் அமில நுண்ணுயிர்கள் இரவெல்லாம் சிதைப்பதனால் அப்புளிப்பு உண்டாகிறது என்பது அறிவியல் கூறும் விளக்கம். காலையில் சின்ன வெங்காயமும் பச்சைக் கொச்சிக்காயும் நறுக்கியிட்டு, எருமைத் தயிரோ தேங்காய்ப்பாலோ சேர்த்து, உப்பும் தேசிப்புளியும் விட்டுப் பிசைவர். முதல்நாள் ஆக்கிய மணலை மீன்கறியோ இறாற்கறியோ சட்டியில் வற்றிக் கிடக்குமாயின் அதுவும் சேரும். பிசைந்த சோற்றைத் தாய் உருட்டிப் பிள்ளைகளின் கையில் வைப்பாள். எஞ்சிய நீரைப் பெரியவர் குடிப்பர். வயலுக்குச் செல்வோர்க்கும் வலை வீசப் போவோர்க்கும் நண்பகல்வரை தாங்கும் உணவு இதுவேயாகும்.

இதன்கண் அரிய பொருள் ஒன்றுமில்லை. ஆக்குவதற்குத் திறமையும் வேண்டா. ஆயினும் வெளிநாடு சென்று பல்லாண்டு வாழ்ந்த மட்டக்களப்பாரிடம் எதனை உண்ண விழைகின்றீர் எனக் கேட்டால் அவர்களுள் பலர் கூறும் விடை இதுவாகவே இருக்கக் காணலாம். அவர்கள் விழைவது நாவின் சுவையை மட்டுமா என்பதே இங்கு எழும் முதல் வினா.

ஆறுதல் என்னும் சொல்

தமிழ்மொழியே இவ்வினாவிற்கு ஒரு வழியைத் திறந்து வைத்திருக்கிறது. சூடான பொருள் தணிதலை ஆறுதல் என்கிறோம். புண் குணமடைதலும் ஆறுதல், துயருற்ற மனம் அமைதி பெறுதலும் ஆறுதல், நடந்து களைத்தவன் நிழலில் அமர்தல் இளைப்பாறுதல், உண்ணுதல் பசியாறுதல். உடலின் வெப்பத்தையும் வயிற்றின் தீயையும் மனத்தின் வேதனையையும் ஒரே வினைச்சொல்லால் குறித்த மொழிவழக்கில் ஓர் உண்மை அடங்கியுள்ளது. பசி என்பது வயிற்றளவில் நின்றுவிடும் குறையன்று. அது மானத்தையும் அறிவையும் உறவையும் சுடுவது. மணிமேகலைக் காப்பியம் பசியைப் பிணி என்றும் பாவி என்றும் இழித்துரைப்பதும் அது மனிதனின் பண்புகள் அனைத்தையும் அழிக்கவல்லது என்பதனாலேயாம். ஆதலின் பசியாற்றும் உணவு வயிற்றுக்கு மேலும் சிலவற்றை ஆற்றுகிறது எனல் மிகையாகாது.

இது தமிழர்க்கு மட்டும் உரிய உணர்வன்று. அரிசியை முதன்மை உணவாகக் கொண்ட கொரிய மக்களிடத்தும் இதனைக் காணலாம். அவர்கள் மொழியில் ‘பாப்’ என்னும் சொல் வெந்த சோற்றையும் வேளையுணவையும் ஒருங்கே குறிக்கும். ஒருவரைச் சந்திக்கும்போது சோறுண்டீரா எனக் கேட்பது அவர்களிடத்தும் நலம் விசாரிக்கும் முறையாகும். குடும்பத்தாரைக் குறிக்கும் அவர்களது சொல்லொன்றின் நேர்ப்பொருள் ‘உண்ணும் வாய்கள்’ என்பதாம். பானையின் அடியில் பிடித்த சோற்றில் நீரூற்றிக் கொதிக்கவைத்து உணவின் முடிவில் பருகும் வழக்கம் அவர்களிடம் நெடுங்காலமாக உண்டு. வீட்டில் உள்ள கீரையையும் காய்களையும் ஒரு கிண்ணச் சோற்றின்மீது இட்டுப் பிசைந்துண்ணும் உணவு இன்று உலகப் புகழ் பெற்றுவிட்டது. கடல்கள் பல கடந்த இரு மக்களிடையே எஞ்சிய சோற்றையும் கலந்த சோற்றையும் குறித்து ஒத்த உணர்வு நிலவுவது, எளிய உணவின் ஆறுதல் மனித இயல்பில் வேரூன்றியது என்பதற்குச் சான்றாகும்.

இவ்வாறுதலின் கூறுகள் மூன்றெனலாம். முதலாவது, அறிந்ததன் உறுதி. அடுத்த கவளம் எவ்வாறு இருக்கும் என்பது உண்பவனுக்குத் தெரியும். நிச்சயமற்ற உலகில் அத்தெளிவே ஓர் அமைதி. இரண்டாவது, மதிப்பீட்டினின்றும் விடுதலை. பழஞ்சோறு உண்பவனை யாரும் அளந்து பார்ப்பதில்லை. மூன்றாவது, கொடுத்த கையின் நினைவு. பிசைந்து உருட்டிக் கையில் வைத்தவர் எவரோ அவர் மறைந்த பின்னும் அச்சுவையில் நிலைக்கின்றார். இம்மூன்றும் பொருளின் விலையைச் சார்ந்தவை அல்ல. இதனாலேயே எளிய உணவின் ஆறுதல் செல்வரிடமும் வறியவரிடமும் ஒருங்கே காணப்படுகிறது.

போதும் என்போரின் வாதம்

எளிய உணவில் நிறைவு காணுதலை மெய்யியலாளர் பலர் அறமாகவே போற்றியுள்ளனர். கிரேக்க நாட்டில் கி.மு. 341 முதல் 270 வரை வாழ்ந்த எப்பிக்கூரசு இன்பமே வாழ்வின் பயன் என்றவர். அவரைச் சுவையுணவு தேடி அலைந்தவராகப் பலர் தவறாகக் கருதுவர். உண்மையில் அவர் கொண்ட கொள்கை, பசித்தவனுக்கு அப்பமும் நீருமே மிக உயர்ந்த இன்பத்தைத் தரும் என்பதாம். நண்பர் ஒருவரிடம் ஒரு சிறு கலயம் பாற்கட்டி கேட்டெழுதி, அது கிடைத்தால் தமக்கு அன்று விருந்தாகும் என அவர் கூறியதாகப் பழைய வரலாறு உரைக்கிறது. பழஞ்சோற்றோடு ஒரு கரண்டி எருமைத் தயிர் கூடினால் மகிழும் படுவான்கரை உழவனுக்கு இக்கொள்கையை எவரும் கற்பிக்க வேண்டியதில்லை.

புத்தரின் வரலாறும் இங்கு நினைவுகூரத்தக்கது. உடலை வாட்டும் கடுந்தவத்தால் ஞானம் கைகூடாது எனக் கண்டு, சுசாதை அளித்த பாற்சோற்றை ஏற்றபின்னரே அவர் போதியின் கீழ் அமர்ந்தார். பெருந்தீனியும் பட்டினியும் ஒருங்கே விலக்கப்பட்ட அந்நடுவழியில் எளிய சோறு இடம்பெற்றிருப்பது தற்செயலன்று. திருக்குறளில் ‘மருந்து’ என்னும் அதிகாரம் மூலிகைகளைப் பற்றிப் பேசாமல், அளவறிந்தும் முன்னுண்டது செரித்தமை அறிந்தும் உண்ணும் ஒழுக்கத்தையே பெரிதும் பேசுவதும் இவ்வழிப்பட்டதே.

இச்சான்றோர் கூறுவனவற்றைத் தொகுப்பின் ஒரு வலிமையான வாதம் உருவாகும். ஆசைக்கு எல்லை இல்லை. எல்லையில்லாத ஒன்றை நிறைக்க முயல்பவன் என்றும் ஏழையே. எளிதிற் கிடைப்பதில் நிறைவு காண்பவனே உரிமையுடையவன். அவனை விலைகொடுத்து வாங்கவோ அச்சுறுத்தவோ இயலாது. ஆதலின் போதும் என்னும் மனம் செல்வம் மட்டுமன்று, அதுவே விடுதலையுமாகும். இவ்வாதத்தை எவரும் எளிதாகத் தள்ளிவிட முடியாது.

அவ்வாதத்தின் மறுபுறம்

எனினும் இவ்வாதத்தை ஏற்பதற்கு முன்னர் ஒரு காட்சியைக் கருதுதல் வேண்டும். பத்துப்பாட்டுள் ஒன்றாகிய பெரும்பாணாற்றுப்படை, வயலில் உழைப்போரின் சிறுவர்கள் பழஞ்சோற்றுத் திரளை வெறுத்து, புதுவைக்கோல் வேய்ந்த குடிலின் முற்றத்தில் அவல் இடிப்பதைக் காட்டுகிறது. ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே பழஞ்சோறு சலித்துப்போன பிள்ளைகள் இருந்தனர். அதனை இலக்கியத்தில் பதிவு செய்த புலவர் அப்பிள்ளைகளைக் கடிந்துரைக்கவில்லை. வேறொன்றும் இல்லாதவனுக்கு வாய்க்கும் எளிமையும், பலவற்றுள் விரும்பித் தெரிந்த எளிமையும் ஒன்றல்ல என்பதை அக்காட்சி உணர்த்துகிறது. எப்பிக்கூரசு பாற்கட்டியை வேண்டாதபோது விட்டுவிட முடிந்தவர். கூலிக்காரனின் பிள்ளைக்கு அவ்வுரிமை இல்லை.

தற்கால மெய்யியலிலும் பொருளியலிலும் இச்சிக்கல் விரிவாக ஆராயப்பட்டுள்ளது. கிட்டாத கனியைப் புளிக்கும் என்ற நரியின் கதையைத் தலைப்பாகக் கொண்டு யோன் எல்ஸ்ரர் 1983ஆம் ஆண்டில் ஒரு நூல் எழுதினார். மனிதன் தனக்குக் கிட்டக்கூடியவற்றின் அளவிற்கே தன் விருப்பங்களையும் சுருக்கிக்கொள்கிறான் என்பது அந்நூல் ஆராயும் பொருள். அமர்த்தியா சென்னும் இதனை வற்புறுத்தினார். நெடுங்காலம் ஒடுக்கப்பட்டவர் சிறு சலுகைகளிலும் மகிழக் கற்றுக்கொள்வர். ஆதலின் ஒருவர் மகிழ்ச்சியாயிருக்கிறாரா என்பதை மட்டும் கேட்டு அவர் வாழ்வின் நலத்தை அளத்தல் தவறு என்பது அவர் கருத்து. இக்கருத்தின் ஒளியில் பார்க்கும்போது பழஞ்சோற்றின் ஆறுதல் ஐயத்திற்கு உரியதாகிறது. அது நிறைவின் குரலா, அன்றி நெடுநாள் இல்லாமை கற்பித்த பாடமா?

மூன்றாவதொரு இடரும் உண்டு. ஒருவன் தானே மேற்கொள்ளும் எளிமையை மற்றொருவன் அவனுக்கு விதிக்கும்போது அறம் தடம் மாறுகிறது. கொரியாவில் 1960களிலும் 1970களிலும் அரிசித் தட்டுப்பாட்டின்போது சோற்றோடு வாற்கோதுமை முதலிய தானியங்களைக் கலந்துண்ணுமாறு அரசு வற்புறுத்தியது. மாணவர் கொண்டுவந்த உணவுப் பெட்டிகளை ஆசிரியர்கள் திறந்து பார்த்தனர். 1976ஆம் ஆண்டில் சியோல் நகர நிருவாகம் உணவகங்களில் சோறு பரிமாறும் கிண்ணத்தின் அளவையே விதித்தது: உள்விட்டம் 10.5 சென்ரிமீற்றர், உயரம் 6 சென்ரிமீற்றர். தேசத்தின் நலத்திற்காகவே இவை செய்யப்பட்டன எனினும், போதும் என்பதை உண்பவன் கூறாமல் ஆள்பவன் கூறத் தொடங்கிய நிலை இது.

இலங்கையின் வரலாறும் இதனையே வேறு வகையில் காட்டுகிறது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில், 1942இல், பங்கீட்டு அரிசி முறை ஏற்பட்டது. 1953ஆம் ஆண்டில் ஒரு கொத்து அரிசியின் விலை 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தப்பட்டபோது, ஓகஸ்ட் 12ஆம் நாள் நாடெங்கும் ஹர்த்தால் நிகழ்ந்தது. அதன் விளைவாக அவ்வாண்டிலேயே பிரதமர் டட்லி சேனாநாயக்க பதவி துறந்தார். 1966இன் இறுதியில் பங்கீட்டளவு பாதியாக்கப்பட்டு அப்பாதி இலவசமாக வழங்கப்பட்டது. 1978இல் வருமானம் குறைந்தோர்க்கென்று அது சுருக்கப்பட்டு, 1979இல் உணவு முத்திரை முறையாக மாறியது. வறிய நாடொன்றில் மக்களின் ஆயுட்காலம் உயர்ந்திருந்தமைக்கு இத்தகைய உணவு வழங்கலும் ஒரு காரணமென அமர்த்தியா சென் எடுத்துக்காட்டியுள்ளார். எளிய சோறு என்பது தனி மனிதனின் மனநிறைவு மட்டுமன்று, மக்கள் கேட்டுப் பெற்ற உரிமையுமாகும் என்பதை இவ்வரலாறு தெளிவுறுத்துகிறது.

2021ஆம் ஆண்டில் இரசாயன உரத்தின் இறக்குமதி திடீரெனத் தடைசெய்யப்பட்டதும், அடுத்த ஆண்டில் நாடு பொருளாதார நெருக்கடியில் வீழ்ந்ததும் அண்மை நிகழ்ச்சிகள். 2022 செப்தெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் 90 சதவீதத்தைக் கடந்தது. நெல் விளையும் மாவட்டங்களிலும் வேளையுணவைக் குறைத்தோர் பலர். அத்தகைய காலத்தில் முன்னோரைப் போல் எளிமையாக உண்ணுங்கள் என்று கூறும் அறிவுரை, கூறுபவரின் கலயம் நிறைந்திருக்குமாயின், அறிவுரையாகாது. பசித்தவனிடம் போதும் எனக் கூறும் உரிமை எவர்க்கும் இல்லை. அச்சொல்லைக் கூறும் உரிமை உண்டவனுக்கே உரியது.

கலயத்தின் அடியில்

போதும் என்னும் சொல்லை வீட்டிற்குள்ளும் கேட்டுப் பார்த்தல் வேண்டும். மட்டக்களப்பில் தாய்வழிக் குடிமுறை நிலவுகிறது. வீடு பெரும்பாலும் மகளுக்குச் சீதனமாகச் செல்லும். மணமகன் அவ்வீட்டிற்கு வந்து வாழ்வான். ஆதலின் அடுக்களையும் பானையும் பெண்ணின் உடைமைகளே. ஆயினும் அப்பானையிலிருந்து இறுதியாக உண்பவளும் பெரும்பாலும் அவளே. எல்லோர்க்கும் இட்டபின் எஞ்சியதை வழித்துண்டு, எனக்குப் போதும் என்று அவள் கூறும்போது, அச்சொல்லில் அன்பு எவ்வளவு, வழக்கத்தின் அழுத்தம் எவ்வளவு என்பதை அவளாலும் பிரித்துக் கூற முடியாது. ஒருவருடைய ஆறுதல் மற்றொருவருடைய பசியின்மீது நிற்குமாயின் அது குறையுடைய ஆறுதலே. தாய் கையில் வைத்த கவளத்தை நினைந்து உருகுவோர் அத்தாய் உண்டாளா என்பதையும் நினைந்து பார்த்தல் கடனாகும்.

வயலிலும் இவ்வாறே. முற்காலத்தில் போடியார் நிலத்தில் உழைத்தோர்க்கு வாடியில் சோறு வழங்கப்பட்டது. வேலைக்காரனுக்கு வயிறார இடாத போடியார் ஊரில் மதிப்பிழந்தார். அங்கே சோறு கூலியின் ஒரு பகுதியாகவும் உறவின் அடையாளமாகவும் விளங்கியது. எனினும் நிலமும் பொலியும் ஒருவருக்கும், சோறு மட்டும் மற்றொருவருக்கும் உரியவையாக இருந்தமையை அவ்வுறவு மறைக்கவும் செய்தது. வயிறு நிறைந்தவன் கணக்குக் கேட்க மாட்டான் என்ற எண்ணம் எல்லா நாட்டு நிலக்கிழார்க்கும் பொதுவானதே. ஆறுதல் கேள்வியை அடக்கும் கருவியாகவும் பயன்படக்கூடும் என்பதற்கு இதனினும் தெளிந்த சான்று வேண்டுவதில்லை.

எஞ்சுதலின் பொருள்

அவ்வாறாயின் எளிய சோற்றின் ஆறுதலை ஏமாற்று என்று ஒதுக்கிவிடலாமோ எனின், ஒதுக்கலாகாது. இதற்கு விடை பழஞ்சோற்றின் இயல்பிலேயே உள்ளது. பழஞ்சோற்றை ஏழையின் உணவு என்பது உலக வழக்கு. சற்று ஆழ்ந்து நோக்கின் அது முற்றும் உண்மையன்று என்பது புலனாகும். பழஞ்சோறு உண்டாவதற்கு முதல்நாள் இரவு சோறு எஞ்சியிருத்தல் வேண்டும். எஞ்சியதை இட்டுவைக்கப் பானையும், ஊற்றுதற்கு நல்ல நீரும், மூடிவைத்துவிட்டு அச்சமின்றி உறங்குதற்கு ஒரு கூரையும் வேண்டும். நாளை இதே வீட்டில் கண்விழிப்போம் என்ற நம்பிக்கை இவையெல்லாவற்றிற்கும் முன்னதாக வேண்டும். முற்றிலும் இல்லாதவனிடம் புதுச்சோறும் இல்லை, பழஞ்சோறும் இல்லை.

மட்டக்களப்பு மக்கள் இதனைத் துன்பத்தின் வாயிலாக அறிந்தவர்கள். 1978 நவம்பர் 23ஆம் நாள் வீசிய சூறாவளி வீடுகளையும் தென்னந்தோப்புகளையும் சாய்த்தது. 1990இலும் 2006, 2007ஆம் ஆண்டுகளிலும் போரினால் ஊர் ஊராக மக்கள் இடம்பெயர்ந்தனர். வாகரையிலிருந்தும் படுவான்கரையிலிருந்தும் கையில் அகப்பட்டதோடு வெளியேறினர். 2004 திசெம்பர் 26ஆம் நாள் கடற்கோள் எழுவான்கரை ஊர்களை அழித்தது. இக்காலங்களில் பள்ளிக்கூடங்களிலும் கோயில்களிலும் தங்கியோர்க்குச் சமைத்த உணவு பொதிகளாக வழங்கப்பட்டது. அஃது உயிரைக் காத்தது. அதனைக் கொடுத்தோர் போற்றுதற்குரியர். ஆயினும் பொதிச்சோற்றில் எஞ்சுதல் இல்லை. எஞ்சினும் இட்டுவைக்கத் தன் பானை இல்லை. வரிசையில் நின்று பெற்ற சோறு வயிற்றை நிறைத்தபோதும், சொந்த அடுப்பில் ஆக்கிய சோற்றில் நீரூற்றி வைக்கும் நாள் என்று வரும் என்ற ஏக்கம் நிறையவில்லை.

இங்கேயே பழஞ்சோற்றின் மெய்ப்பொருள் விளங்குகிறது. எஞ்சிய சோற்றில் நீரூற்றுதல் நாளையை நம்பும் செயல். போதும் என்னும் சொல்லின் உண்மைப் பொருளும் இதுவே. இன்றைய பசி அடங்கியது என்பதோடு அது முடிவதில்லை; நாளைக்கும் சிறிது உண்டு என்ற உறுதி அதனுள் அடங்கும். அவ்வுறுதி இல்லாதவனை நோக்கி நிறைவாயிரு என்பது பொருளற்ற கூற்று. அவ்வுறுதி உடையவன் மேலும் மேலும் குவிப்பதற்காக அமைதியிழத்தல் பேதைமை. ஆகவே எப்பிக்கூரசின் கொள்கைக்கும் சென்னின் கருத்துக்கும் இடையே முரண்பாடு இருப்பதாகத் தோன்றினும் அது தீராத முரண்பாடன்று. முன்னது உடையவனின் ஆசைக்கு எல்லை வகுக்கிறது; பின்னது இல்லாதவனின் உரிமைக்கு அடிநிலை வகுக்கிறது. எஞ்சும் அளவிற்குச் சோறு என்னும் கோடு இரண்டிற்கும் பொதுவான எல்லைக்கோடாகும்.

இக்கோட்டை ஒவ்வொருவருக்கும் உறுதிசெய்வது எவ்வாறு என்ற வினாவிற்குப் பழந்தமிழ்ப் புலவர் ஒருவர் விடை பகர்ந்துள்ளார். புறநானூற்றின் 18ஆம் பாடலில் குடபுலவியனார் பாண்டியன் நெடுஞ்செழியனை நோக்கி, உடம்பு உணவால் ஆயது என்றும், உணவாவது நிலமும் நீரும் கூடியது என்றும் காட்டி, ஆதலின் நீர்நிலை பெருகச்செய் என அறிவுறுத்துகிறார். பசித்தவனுக்குச் சோறிடு என்று கூறுவதோடு அவர் நின்றுவிடவில்லை. சோறு விளையும் நிலையைச் செய் என்றார். உன்னிச்சைக் குளத்தையும் உறுகாமக் குளத்தையும் நம்பி வாழும் படுவான்கரை உழவர்க்கு இவ்வுரை இன்றும் பொருந்தும். குளத்தின் வாய்க்காலில் நீர் வராத சிறுபோகத்தில் எந்த மெய்யியலும் கலயத்தை நிறைக்காது.

கொடுப்போனுக்கும் ஒரு சோதனை

ஈகையைப் பற்றியும் ஒன்று கூறுதல் வேண்டும். மணிமேகலையில் வரும் ஆபுத்திரன் கதை உலக இலக்கியத்தில் காண்டற்கரிய ஓர் அறச்சிக்கலை முன்வைக்கிறது. அள்ள அள்ளக் குறையாத அமுதசுரபியைச் சிந்தாதேவியிடம் பெற்ற ஆபுத்திரன் பசித்தோர்க்கு உணவளித்து வாழ்ந்தான். இந்திரன் மழையைப் பெய்வித்து நாட்டை வளமாக்கினான். பசித்தோர் எவரும் வரவில்லை. பாத்திரம் பயனற்றுப் போயிற்று. பசித்தோரைத் தேடிக் கடல்கடந்து செல்ல முயன்ற ஆபுத்திரன் மணிபல்லவத் தீவில் தனித்து விடப்பட்டு, பாத்திரத்தைக் கோமுகிப் பொய்கையில் விட்டு, உண்ணாது உயிர் துறந்தான்.

பசி நீங்கிய நாட்டில் கொடையாளி மகிழ்ந்திருக்க வேண்டாமா? அவன் துயருற்றது ஏன்? கொடுத்தலின் இன்பம் கொள்வோனின் குறையைச் சார்ந்து நிற்கும் ஆபத்தை இக்கதை நுட்பமாகச் சுட்டுகிறது எனலாம். ஏழையின் எளிமையைப் பாராட்டுவோர்க்கும் இவ்வாபத்து உண்டு. தமிழர் வாழும் நகரங்களில் இன்று பழஞ்சோறு மட்கலயத்தில் அழகுற வைக்கப்பட்டு விலைக்கு விற்கப்படுகிறது. அதில் குற்றமொன்றுமில்லை. ஆயினும் அதனை உண்டு முன்னோரின் வாழ்வைப் புகழ்வோர், இன்றும் வேறு உணவின்றி அதனையே உண்போரின் நிலை மாறுவதை விரும்புகின்றனரா என்பதே அவர்களது அன்பை அளக்கும் கோலாகும்.

அதே பாத்திரம் மணிமேகலையின் கைக்கு வந்தபோது கதை வேறு திசையில் செல்கிறது. ஆதிரை இட்ட முதற் பிச்சையோடு தொடங்கிய அவள் தொண்டு அம்பலத்தோடு நிற்கவில்லை. சிறையில் வாடுவோரைக் கண்டு உணவளித்தாள். பின் அரசனை வேண்டிச் சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக மாற்றினாள். சோறிடுதலில் தொடங்கி, பசியையும் துன்பத்தையும் விளைக்கும் இடத்தையே மாற்றுதலில் அவள் அறம் நிறைவெய்திற்று. ஆறுதல் அளித்தலும் நீதி கேட்டலும் ஒன்றையொன்று விலக்குவன அல்ல என்பதற்கு இதனினும் சிறந்த எடுத்துக்காட்டு அரிது.

ஆறுதலின் முறை

மட்டக்களப்பில் வைகாசித் திங்களில் கண்ணகி அம்மன் கோயில்களில் சடங்கு நிகழும். அதன் நிறைவு குளிர்த்தி எனப்படும். மதுரையை எரித்த சினம் தணியவேண்டி அம்மனைக் குளிர்வித்துப் பாடுவர். இங்கும் ஆறுதலே குறிக்கோள். அச்சினம் பொய்ச்சினம் என்று எவரும் கூறுவதில்லை. நீதி கேட்டு எழுந்த சினம் அது. அரசனும் தன் பிழையை ஏற்று உயிர் நீத்தான். அதன் பின்னரே குளிர்த்தி. சினத்தின் காரணத்தை மதித்தபின் அளிக்கப்படும் ஆறுதலுக்கே இம்மக்கள் வழிபாட்டில் இடம் தந்துள்ளனர்.

வயிற்றின் தீக்கு இம்முறையை அப்படியே பொருத்துதல் இயலாது என்பதும் உண்மையே. நீதி வரும்வரை பசி காத்திராது. ஆதலின் சோறு முதலில் வரவேண்டும். கேள்வி உடன் வரவேண்டும். பசியாறியவன் தன் குறையைக் கேட்கும் வலிமை பெறுவானாயின் அச்சோறு அறம். கேள்வியை மறந்து உறங்கிவிடுவானாயின் அச்சோறு மயக்கம். கலயம் ஒன்றே, அதனைச் சூழ்ந்த உறவே அதன் பண்பைத் தீர்மானிக்கிறது.

இவ்வாறு நோக்குமிடத்து, எளிய உணவின் ஆறுதலை மதிப்பிடுவதற்கு மூன்று வினாக்கள் போதுமானவை. உண்பவன் வேறு தெரிவின்றி அதனை உண்கிறானா, அன்றி விரும்பியா? அவனுக்கு இட்டவர் உண்டாரா? நாளைக்குச் சிறிது எஞ்சியதா? இம்மூன்றிற்கும் தக்க விடை கிடைக்குமிடத்தில் பழஞ்சோறு அரசர் விருந்தினும் உயர்ந்தது. அங்கே போதும் என்பது மனிதன் கூறக்கூடிய மிக நிறைந்த சொற்களுள் ஒன்று. தக்க விடை கிடையாத இடத்தில் அச்சோற்றைப் புகழ்வதை விடுத்து, அவ்விடைகள் கிடைக்கும் நிலையை உண்டாக்க முயல்வதே கற்றோர் கடனாகும். வாவியின் இரு கரையிலும் ஒவ்வொரு வீட்டிலும் இரவில் நீரூற்றி வைக்கச் சிறிது சோறு எஞ்சவேண்டும் என்பது பெரிய இலட்சியமாகத் தோன்றாதிருக்கலாம். ஆயினும் போரும் புயலும் கடற்கோளும் விலையேற்றமும் கண்ட ஒரு நிலத்தில் அதனினும் பெரிய இலட்சியம் யாதென எளிதிற் கூறிவிட முடியாது.